சிவப்பு மருந்தும் பச்சைத் தேநீரும்: உங்கள் வீட்டு அனுபவம்?

செந்தூல் மருமகள்:
அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தை ஏற்றிய வீட்டாருக்கு அந்தச் சிவப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, சிறுநீர்கூடச் சிவந்துவிடும். அந்த மருந்து இதயத்தைப் பாதிக்கலாம், பச்சைத் தேநீர் காக்கும் என்று யாரோ சொல்ல, பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் இலை வாங்கினோம். தே தாரிக் எனும் ஆற்றிய பால் டீயைத் தவிர எதையும் தொடாதவர், முகம் சுளித்துக்கொண்டு காலையும் மாலையும் சீனியில்லாமல் குடித்தார். இருந்தும் எக்கோ எனும் இதய ஸ்கேனில் இதயம் இரத்தத்தைத் தள்ளும் அளவு 62 சதவீதத்திலிருந்து 48க்கு இறங்கிவிட்டது. டாக்டர் மருந்தை நிறுத்திவைத்தார். மார்பில் தடவிய பசையைத் துடைத்துக்கொண்டே அத்தை கேட்டார்: "தீபாவளி வாரத்தில் டீ குடிக்காமல் விட்டேனே, அதனாலா?" எனக்கு வாய் வரவில்லை.

ஜெலுத்தோங் அண்ணன்:
தங்கச்சி, மனத்தைத் தளரவிடாதீர்கள். என் மனைவிக்கும் அதே ஊசிதான். தாதி பெரிய சிரிஞ்சைக் கையாலேயே மெதுவாக அழுத்துவார்; இவள் மறு கையில் பிளாஸ்க் மூடியைப் பிடித்து டீயை உறிஞ்சிக்கொண்டிருப்பாள். சிகிச்சை முடிந்தது, இதயம் கல்லுப் போல இருக்கிறது. தேநீர்தான் காப்பாற்றியது, யார் என்ன சொன்னாலும் சரி.

பட்டர்வொர்த் மருந்தாளர் (ஓய்வு):
ஜெலுத்தோங்காரரே, உங்கள் மனைவி நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. ஆனால் தேநீர் குடிக்காத பலருக்கும் இதயம் நன்றாகத்தான் இருக்கிறது. இந்த மருந்தில் மொத்த அளவுதான் கணக்கு. உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 400 மில்லிகிராம் சேர்ந்தால் சுமார் 5 சதவீதத்தினருக்கு இதயம் செயலிழக்கிறது, 550இல் சுமார் 26 சதவீதம் என்று 2003இல் வந்த ஆய்வு காட்டியது. பச்சைத் தேநீரிலுள்ள இ.ஜி.சி.ஜி. என்ற சேர்மம் இந்தச் சேதத்தைக் குறைத்தது எலிகளில். எலிக்குக் கொடுத்தது சுத்தமான சேர்மம், பிளாஸ்க் டீ அல்ல.

என் தம்பிக்கு எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய், போர்டெசோமிப் ஊசி. கட்டில் ஓரத்தில் பச்சைத் தேநீர் இருப்பதைப் பார்த்த தாதி, ஒரு வார்த்தை பேசாமல் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். காரணம் உண்டு. இ.ஜி.சி.ஜி. அந்த மருந்தைப் பிடித்து முடக்கிவிடுகிறது என்று 2009இல் ஆய்வகத்திலும் எலிகளிலும் கண்டார்கள். நாடலோல் என்ற இரத்த அழுத்த மாத்திரையும் பச்சைத் தேநீரோடு போனால் இரத்தத்தில் சரியாக ஏறாது. பச்சைத் தேநீர்ச் சாறு அடைத்த கேப்சூல் இன்னும் மோசம். செறிவூட்டிய சாறு சிலருக்குக் கல்லீரலையே கெடுத்திருக்கிறது. இதயத்தைக் காக்க டெக்ஸ்ராசோக்சேன் என்று முறையான மருந்தே இருக்கிறது. எல்லோருக்கும் கொடுப்பதில்லை, ஆனால் டாக்டரிடம் கேட்கலாம். கேட்கும்போது வீட்டில் குடிக்கும் கஷாயம், வேர், பொடி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். நம் ஆட்கள் டாக்டரிடம் பசியாறியதைக்கூட மறைப்பார்கள்.

செந்தூல் மருமகள்:
ஐயா, நான் ஆலோசனை கேட்கவில்லை. ஆனாலும் டெக்ஸ்ராசோக்சேன் பெயரை எழுதி வைத்துக்கொண்டேன். தீபாவளி வாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று உங்கள் பதிவை அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். இப்போது ஜெலுத்தோங் அண்ணன் எந்தக் கடையில் இலை வாங்கினார் என்று கேட்கச் சொல்கிறார்.