புதுப்பிப்பு: முத்துக் கம்மல் பெண் ஒருவழியாக முடிந்தாள்

டச்சு ஓவியர் வெர்மீரின் ‘முத்துக் கம்மல் அணிந்த பெண்’ ஓவியத்தை அக்ரிலிக் வண்ணத்தில் வரைந்துகொண்டிருக்கிறேன், பின்னணியைக் கறுப்பாகவே விடலாமா, பச்சையாக்கலாமா என்று போன பதிவில் கேட்டிருந்தேன் அல்லவா, பச்சைக் கட்சிதான் ஜெயித்தது.

காரணம் இதுதான். 1665 வாக்கில் வெர்மீர் வரைந்தபோது அங்கே இருந்தது பச்சைத் திரை. கறுப்பு அடிப்பூச்சின் மேல் மெல்லிய பச்சைப் பூச்சு கொடுத்திருக்கிறார், அது காலப்போக்கில் மங்கிப்போனதால்தான் நமக்கு வெறும் கறுப்பாகத் தெரிகிறது. நானும் அதேபோல, கறுப்பு நன்றாகக் காய்ந்த பிறகு, பச்சையில் நிறைய கிளேஸ் மீடியம் (வண்ணத்தை அடியில் இருப்பது தெரியும்படி மெல்லியதாக்கும் திரவம்) கலந்து பூசினேன். ஒரு பூச்சில் ஒன்றுமே தெரியாது, பொறுமையாக அடுக்க வேண்டும்.

அப்புறம் அந்த முத்து! பெரிய வேலை என்று பயந்துகொண்டே இருந்தேன். உற்றுப் பார்த்தால் அங்கே முத்தே இல்லை. மேலே பளிச்சென்று ஒரு வெள்ளைத் தீற்று, கீழே வெள்ளைக் காலரின் மங்கலான பிரதிபலிப்பு, அவ்வளவுதான். காதில் மாட்டும் கொக்கிகூட வரையவில்லை மனிதர். சுற்றுக்கோடு போட்டால் பிளாஸ்டிக் மணிபோல ஆகிவிடும், போடாதீர்கள்.

உதட்டோரம் இன்னும் எனக்குத் திருப்தியில்லை, ஆனாலும் இனி தொடப்போவதில்லை.

அடுத்தது பேட்மேன். பழைய காமிக்ஸில் வருவதுபோல கறுப்பு அங்கியின் மடிப்புகளுக்கு நீலத்தில் ஒளி கொடுக்கலாம் என்று யோசனை. எந்த நீலம் சரிவரும், சொல்லுங்கள்.