600 விசிட்டிங் கார்டுகள் கொடுத்தும் மூன்றே அழைப்புகள்: அட்டையை மாற்றுவதா, கண்காட்சி மேசையை மாற்றுவதா?

நூல்தையல் எழுதியது:

வணக்கம். நான் கையால் தைத்த நோட்டுப் புத்தகங்களைச் செய்து விற்கிறேன். கட்டு குலைந்த பழைய புத்தகங்களைச் சீரமைத்தும் தருகிறேன். தனியாகக் கடை இல்லை. வீட்டின் ஓர் அறையில்தான் வேலை நடக்கிறது. ஆகவே புதியவர்கள் என்னை அறிந்துகொள்ள இரண்டே வழிகள் உள்ளன. ஒன்று, நான் கொடுக்கும் விசிட்டிங் கார்டு; மற்றொன்று, கண்காட்சிகளில் வாடகைக்கு எடுக்கும் ஆறடி மேசை.

எட்டு மாதங்களுக்கு முன் 1000 அட்டைகள் அச்சிட்டேன். ஏறத்தாழ 600 அட்டைகள் கைமாறிவிட்டன. அட்டையைப் பார்த்து அழைத்ததாகச் சொன்னவர்கள் மூவர் மட்டுமே. அவர்களிலும் ஒருவர் நான் அச்சகம் நடத்துவதாக எண்ணி, நோட்டீஸ் அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். தொழிலின் பெயர், அதன் கீழ் 'கைவண்ணம், தரம், நம்பிக்கை' என்ற வரி, என் பெயர், இரண்டு கைப்பேசி எண்கள், மின்னஞ்சல், முகவரி, மூன்று சமூக ஊடகக் கணக்குகள் ஆகியவை அட்டையில் உள்ளன. சந்தன நிறப் பின்னணியில் பொன்னிற எழுத்துகள். வாங்கிப் பார்க்கும் எல்லோரும் அழகாக இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள்.

கண்காட்சியிலும் இதே நிலைதான். மேசை முழுவதும் நாற்பதுக்கும் மேற்பட்ட நோட்டுகளை அடுக்கிவைக்கிறேன். பின்சுவரில் ஒரு பேனர் தொங்குகிறது. வருகிறவர்கள் நடந்தபடியே பார்வையை ஓடவிட்டு, மேசை ஓரத்தில் இருக்கும் அட்டையொன்றை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அடுத்த கண்காட்சிக்கு இரண்டு மாதங்களே உள்ளன. அட்டையைப் புதிதாக அச்சிடுவது, மேசையை மாற்றியமைப்பது ஆகிய இரண்டையும் முழுமையாகச் செய்யக் கையில் பணம் இல்லை. எதிலிருந்து தொடங்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அச்சுமேசை பதில்:

வணக்கம். பல ஆண்டுகளாக அச்சகத்தில் வடிவமைப்புப் பணியில் இருக்கிறேன். உங்கள் அட்டையை நான் பார்த்ததில்லை. ஆனாலும் நீங்கள் எழுதியதிலிருந்தே குறை எங்கே என்று தெரிகிறது. நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பது அதில் எங்குமே இல்லை. 'கைவண்ணம், தரம், நம்பிக்கை' என்ற மூன்று சொற்களைத் தச்சரும் போட்டுக்கொள்ளலாம், தையற்கலைஞரும் போட்டுக்கொள்ளலாம். அட்டையைக் கொடுக்கும்போது நீங்களே எதிரில் நின்று பேசுவதால் அந்தக் குறை தெரிவதில்லை. மூன்று வாரம் கழித்து அவர் எதையோ தேடிப் பையைத் துழாவும்போது அந்த அட்டை கையில் அகப்பட்டால், உங்கள் முகமும் பேச்சும் அதற்குள் மறந்துபோயிருக்கும். அட்டைதான் தனியாக நின்று பேச வேண்டும். உங்களை அச்சகம் என்று எண்ணியவர் மீது தவறில்லை. அட்டை அவருக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறது.

ஆகவே தொழிலின் பெயரைவிடச் சற்றே பெரிய எழுத்தில், 'பழைய புத்தகங்களைச் சீரமைக்கிறோம். நோட்டுகளைக் கையால் தைத்துத் தருகிறோம்' என்று வெளிப்படையாகப் போடுங்கள். நீங்கள் உறுதியாக எடுத்துப் பேசும் ஒரே ஓர் எண் போதும். மூன்று சமூக ஊடகக் கணக்குகளில் எதில் வேலைப்பாட்டின் படங்களைத் தவறாமல் பதிவிடுகிறீர்களோ, அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சந்தன நிறத்தின் மேல் பொன்னிறம் திரையில் மின்னும். தாளில் ஏறியதும் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, மாலை வெளிச்சத்தில் எண்ணையே படிக்க முடியாமல் செய்துவிடும். அடர்ந்த கறுப்போ கருநீலமோ பாதுகாப்பானது. எண்ணின் எழுத்தளவை 9 புள்ளிக்குக் (பாயின்ட்) குறையாமல் வையுங்கள்.

அச்சுக்குக் கோப்பு கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. 85 × 55 மி.மீ., 89 × 51 மி.மீ. ஆகியவை வழக்கமான அளவுகள். பணப்பையில் அடங்காத வட்டமும் பெரிய சதுரமும் முதலில் குப்பைக்குப் போகும். வெட்டும் கோட்டுக்கு வெளியே நான்கு பக்கமும் 3 மி.மீ. பிளீட் (வெட்டு சற்று விலகினாலும் வெள்ளை விளிம்பு தெரியாதபடி பின்னணி நிறத்தை நீட்டிவைக்கும் பகுதி) விடுங்கள், உள்ளே குறைந்தது 4 மி.மீ. தள்ளி எழுத்துகளை நிறுத்துங்கள். சிறிய கறுப்பு எழுத்துகளை வண்ண அச்சின் நான்கு மைகளின் கலவையில் அமைக்காமல் கறுப்பு மையில் மட்டும் அமைக்க வேண்டும். இல்லையேல் அச்சுத் தகடுகள் இம்மியளவு விலகினாலும் எழுத்துக்குப் பின்னால் நிழல் தட்டும். லோகோவை வாட்ஸ்அப் வழியாக வந்த படமாகக் கொடுக்காதீர்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் கோப்பாகக் கொடுங்கள். தமிழில் அச்சிடுவதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். யூனிகோடு எழுத்துருவைச் சரியாகக் கையாளாத பழைய மென்பொருளில் கோப்பைத் திறந்தால், 'கை' என்ற சொல்லில் இணைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடும். உங்கள் தொழிலின் முதற்சொல்லே அதுதான் என்பதால், எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றிய பிடிஎஃப் கோப்பையே கொடுங்கள். அச்சேறும் முன் ஒரு மாதிரித் தாளை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

தாள் 300 முதல் 350 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை இருந்தால் போதுமானது. இரண்டு பக்கமும் லேமினேஷன் செய்ய வேண்டாம். பிளாஸ்டிக் படலத்தின் மேல் பால்பாயின்ட் பேனா சரியாக எழுதாது. சீரமைக்கக் கொடுக்கும் புத்தகத்தின் பெயர், வாங்கிக்கொண்ட நாள், முடித்துத் தரும் நாள் ஆகியவற்றைப் பின்பக்கத்தில் நீங்களே எழுதிக் கொடுத்தால், அந்த அட்டை ரசீதாகிவிடும். ரசீதை யாரும் தூக்கி எறிய மாட்டார்கள்.

மேசைக்குப்பின் பதில்:

அச்சுமேசை சொன்னவை அனைத்தும் சரி. ஆனாலும் இரண்டு மாதங்களில் கண்காட்சி என்றால், மேசையிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் கருத்து. நின்று பேசியவரிடம் போகும் அட்டைக்குத்தான் பயன் உண்டு. நிற்காமல் போகிறவர் எடுத்துச் செல்லும் அட்டை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. நிறுத்தும் வேலை மேசையுடையது. அந்த மேசைக்குப் பெரிய செலவும் தேவையில்லை.

மேசை ஓரத்தில் அட்டைகளை அடுக்கிவைப்பதை முதலில் நிறுத்துங்கள். நான் மரத்தால் விளையாட்டுப் பொருள்கள் செய்து விற்கிறேன்; தொடக்கத்தில் நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். பேச்சுக்கொடுக்க நான் வாயெடுக்கும் நேரத்தில் வந்தவர் அட்டையை எடுத்து, 'பிறகு அழைக்கிறேன்' என்று புன்னகைத்துவிட்டு நகர்வார். மனம் நோகாமல் விலகிச் செல்வதற்கான வழியை நானே அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது மூன்றாவது கண்காட்சியில்தான் புரிந்தது. அதன் பிறகு அட்டைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேச்சின் முடிவில், பேசிய பொருளை அதன் பின்னால் இரண்டு சொற்களில் எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். அட்டைகள் முன்பைவிடக் குறைவாகவே செலவாயின, அழைப்புகள் கூடின.

அடுத்தது பேனர். நீங்கள் எழுந்து நின்றால் பின்சுவரில் இருக்கும் பேனரை மறைப்பது நீங்களேதான். மேசையின் பக்கவாட்டில், மக்கள் நடந்து வரும் திசையை நோக்கி ஒரு ரோல்-அப் ஸ்டாண்டியை (சுருட்டி எடுத்துச் செல்லக்கூடிய, தானே நிற்கும் பேனர்) நிறுத்துங்கள். 85 செ.மீ. அகலமும் 200 செ.மீ. உயரமும் உள்ளது போதும்; அதன் கீழ்ப்பாதியைக் கூட்டம் மறைத்துவிடும் என்பதால், சொல்ல வேண்டியதை மேற்பகுதியிலேயே சொல்லிவிட வேண்டும். பத்தடித் தொலைவுக்கு ஓர் அங்குல எழுத்துயரம் என்பது பெயர்ப்பலகை எழுதுபவர்களின் கணக்கு. இருபதடி தள்ளி வருகிறவர் படிக்க வேண்டுமானால் இரண்டு அங்குலம். தமிழில் இந்த உயரத்தைப் பகரம், டகரம் போன்ற எழுத்தின் உடலில் அளக்க வேண்டும். மேலே ஏறும் இகரக் குறியையும் கீழே இறங்கும் உகரக் குறியையும் சேர்த்து அளந்தால் எழுத்து சிறுத்துவிடும். நம் சொற்கள் நீளமானவை என்பதால், இந்த அளவில் அந்த அகலத்தில் வரிக்கு இரண்டு மூன்று சொற்களே பிடிக்கும். 'பழைய புத்தகமா? சீரமைத்துத் தருகிறோம்' என்ற அளவோடு நிறுத்திவிடுங்கள். தொலைபேசி எண்கூட அதில் வேண்டாம்.

மேசையில் நாற்பது நோட்டுகள் அதிகம். எல்லாம் ஒரே உயரத்தில் படுத்துக்கிடந்தால் அது ஒரு நிறப்பரப்பாகத்தான் தெரியும். பன்னிரண்டை மட்டும் வைத்து, துணிக்கு அடியில் பெட்டிகளைக் கொடுத்து மூன்று உயரங்களில் நிறுத்துங்கள். மீதியை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு விற்க விற்க எடுத்து வையுங்கள். ஒரு நோட்டைத் திறந்து பேனாவுடன் வைத்து, வருகிறவர் எழுதிப் பார்க்கட்டும். கையால் தைத்த நோட்டு தட்டையாக விரிந்து கிடக்கும் என்பதை நீங்கள் எத்தனை முறை சொன்னாலும், அவர் தம் கையால் விரித்துப் பார்ப்பதற்கு ஈடாகாது.

உங்களிடம் இருக்கும் மிகச் சிறந்த காட்சிப் பொருளை நீங்கள் மேசையில் வைக்கவே இல்லை என்று நினைக்கிறேன். முதுகு பிய்ந்த பழைய அகராதி ஒன்றை எடுத்து, பாதி ஃபாரங்களை (மடித்துச் சேர்த்த தாள் தொகுதிகளை) மட்டும் புதிய நூலால் தைத்து, மறுபாதியை உதிர்ந்த நிலையிலேயே விட்டுவிடுங்கள். பக்கவாட்டிலிருந்து ஒரு சிறு விளக்கின் ஒளி அதன் முதுகின் மேல் விழும்படி வையுங்கள். ஒரு பக்கம் வரிசையாக ஓடும் தையலும், மறுபக்கம் உலர்ந்து நொறுங்கிய பழைய பசையும் பிசிறிய நூலும் அருகருகே தெரியும். அதைப் பார்ப்பவர் தம் வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு புத்தகத்தை நினைத்துக்கொள்வார், பேச்சும் அங்கிருந்து தொடங்கும். கூட்டம் குறைந்த நேரத்தில் உட்கார்ந்து உண்மையாகவே தைத்துக்கொண்டிருங்கள். வேலை செய்யும் கையைப் பார்க்க நிற்காதவர்கள் குறைவு.

கணக்குப்பிள்ளை பதில்:

மேசையில் அட்டையே கூடாது என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. பேசுவதற்குக் கூச்சப்படுபவர்கள் எங்கும் இருக்கிறார்கள், நானும் அப்படிப்பட்டவன்தான். விற்பவர் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் கேட்காமல் நகர்ந்துவிடுவேன், ஆனால் வீட்டுக்குப் போய் அழைத்து விசாரிப்பேன். ஓரத்தில் குவிக்காமல், அந்தப் பாதி தைத்த அகராதியின் பக்கங்களுக்கு இடையில் நாலைந்து அட்டைகளைச் செருகிவைத்தால், புத்தகத்தைக் குனிந்து பார்த்தவருக்கு மட்டும் அவை கிடைக்கும்.

எந்த அட்டை பலன் தருகிறது என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. அட்டையின் பின்புற மூலையில் மிகச் சிறியதாக ஓர் எழுத்தைக் குறித்துவிடுங்கள்: நீங்கள் கையில் கொடுப்பவற்றுக்கு 'அ', அகராதியில் செருகுபவற்றுக்கு 'ஆ', விற்ற நோட்டின் பின்னட்டையில் வைத்து அனுப்புபவற்றுக்கு 'இ'. அழைப்பவரிடம் மூலையில் இருக்கும் எழுத்தைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். 600 அட்டைகள் எங்கே போயின என்ற கேள்வி அடுத்த முறை எழாது.

கியூஆர் குறியீடு வைப்பதானால், அட்டையில் 2 செ.மீ. சதுரத்துக்குக் குறையக் கூடாது. படிக்கும் தொலைவில் பத்தில் ஒரு பங்கு அளவு வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பவருக்காக ஸ்டாண்டியில் வைப்பது 15 செ.மீ. இருக்க வேண்டும். வெளிர்ந்த பின்னணியில் அடர்ந்த நிறம், சுற்றிலும் குறியீட்டின் சிறு கட்டங்கள் நான்கின் அளவுக்கு வெற்றிடம் ஆகியவை அவசியம். 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் வாகன உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக இதை உருவாக்கியது. அழுக்குப் படிந்தாலும் படிக்க முடியும்படி பிழை திருத்தும் ஏற்பாடு அதில் உள்ளது, உச்ச நிலையில் ஏறத்தாழ 30 சதவீதம் சிதைந்தாலும் தகவலை மீட்கலாம். ஆனால் நீளமான இணைப்பைத் திணித்தால் கட்டங்கள் பொடியாகிவிடும். இலவசமாகக் குறியீடு செய்து தரும் சில தளங்கள் தங்கள் முகவரி வழியாகவே திருப்பிவிடுகின்றன. அத்தகைய ஒன்றில் என் இலவசக் காலம் முடிந்தபோது, அச்சிட்டு முடித்த அட்டைகளின் குறியீடுகள் அனைத்தும் ஒரே நாளில் செயலிழந்தன. உங்கள் சொந்தப் பக்கத்தின் முகவரியையே நேராகக் குறியீடாக்குங்கள்.

நூல்தையல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று வீட்டுத் தாழ்வாரத்தில் இருபதடி அளந்து, இரண்டு அங்குல எழுத்துகளை வெள்ளைத் தாளில் வெட்டிச் சுவரில் ஒட்டி, என் தாயாரைப் படிக்கச் சொன்னேன், தயங்காமல் படித்துவிட்டார். பழைய பேனரில் என் தொழிலின் பெயரைத் தவிர வேறெதையும் அதே தொலைவிலிருந்து அவரால் படிக்க முடியவில்லை. மேசையிலிருந்து தொடங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். அகராதியும் கிடைத்துவிட்டது, பாதி ஃபாரங்களைத் தைத்தும் ஆயிற்று; தைக்காத பாதியை அப்படியே விட்டுவைக்கத்தான் கை கேட்கவில்லை.

அட்டையை 100 மட்டும் டிஜிட்டல் அச்சில் எடுக்கலாம் என்று எண்ணுகிறேன். முன்பக்கத்தில் 'பழைய புத்தகங்களைச் சீரமைக்கிறோம். நோட்டுகளைக் கையால் தைத்துத் தருகிறோம்', அதன் கீழ் தொழிலின் பெயர், என் பெயர், ஓர் எண், ஒரு சிறிய கியூஆர் குறியீடு. பின்பக்கத்தில் 'புத்தகம்', 'பெற்ற நாள்', 'தரும் நாள்' என்று மூன்று கோடுகள், மூலையில் எழுத்து. மீதமுள்ள 400 பழைய அட்டைகளை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

அச்சுமேசை பதில்:

நன்றாக வந்திருக்கிறது. கோடுகளுக்கு இடையே குறைந்தது 8 மி.மீ. விடுங்கள், தமிழில் கையால் எழுதும்போது கொம்பும் சுழியும் மேலும் கீழும் இடம் கேட்கும். பழைய அட்டைகளை யாருக்கும் கொடுக்க வேண்டாம். நோட்டுகளின் தாள் வகையையும் அளவையும் குறித்துவைக்கும் துண்டுகளாக உங்கள் பட்டறையிலேயே பயன்படட்டும். 100 அட்டைகளுக்கும் சம்மதம் சொல்லும் முன், தேர்ந்தெடுத்த தாளில் ஒரே ஒரு மாதிரியைக் கேட்டு வாங்கி, நீங்கள் வழக்கமாக எழுதும் பேனாவால் பின்பக்கத்தில் ஒரு புத்தகத்தின் பெயரை எழுதி, உடனே கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். மை கலைந்தால் தாளை மாற்றச் சொல்லுங்கள்.