தேசிக்கா கொச்சிக்கா உப்பு பத்து நாள்ல தண்ணி விடுது, கசக்கவும் செய்யுது, எங்க பிழை?

கல்லடிப் பொடிச்சி:
உப்பு விசயம் தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் சொல்லித் தாங்க. கடற்கரையில மாங்காக்கும் அன்னாசிக்கும் உப்பும் கொச்சிக்காத்தூளும் தூவித் தருவாங்கதானே, அதையே நல்ல மாதிரி செஞ்சு போத்தல்ல போட்டு வச்சா பொரிச்ச மீனுக்கும் நண்டுக்கும் மேல தூவலாம் எண்டு நினைச்சு போன மாசம் செஞ்சன். சந்தையில சாக்குல அள்ளித் தாற கல்லுப்பு அரைக் கிலோ, ஆறு தேசிக்காட தோல் துருவினது, ரெண்டு தேசிக்காட புளி, எட்டு செத்தல், ஒரு தேக்கரண்டி சீனி, எல்லாத்தையும் கிரைண்டர்ல அடிச்சு ரெண்டு நாள் வெயில்ல காயவச்சு போத்தல்ல போட்டன். முதல் கிழமை வாசம் எண்டா வாசம், பக்கத்து வீட்டு மாமி ஒரு போத்தல் கேட்டு வாங்கிட்டுப் போனா. பத்தாம் நாள் பாத்தா கட்டி கட்டியா ஒட்டி, அடியில தண்ணி நிக்கிது, மண்ணிறமாயிட்டு, நாக்குல வச்சா கடைசியில ஒரு கசப்பு. கருவேப்பிலை போட்டும் ஒரு போத்தல் செஞ்சன், அது வைக்கோல் நிறத்துக்கு வந்திட்டு. மாமியிட்ட என்ன சொல்றது எண்டு தெரியாம ஒளிச்சுத் திரியிறன்.

மருதமுனை ராத்தா:
தங்கச்சி, நீ புளியையும் ஊத்தி சீனியையும் போட்டுப்போட்டு உப்பு தண்ணி விடுது எண்டா எப்படிம்மா. அதுவும் மாரி தொடங்குற நேரத்துல. தோல் துருவுனியே, பச்சை மட்டும் எடுத்தியா இல்ல வெள்ளையும் சேத்தா? வெள்ளைத் தோல் வந்தா கசக்கத்தான் செய்யும்.

கல்லடிப் பொடிச்சி:
ஐயோ ராத்தா வெள்ளையும்தான் வந்திருக்கும், துருவி மொட்டை, அழுத்தித் தேச்சிட்டன்.

களுவாஞ்சிக்குடி மச்சான்:
லேசான வழி, போத்தலுக்குள்ள கொஞ்சம் அரிசி போடு. உப்புச் சாடிக்குள்ள எல்லாரும் அதானே செய்யிற.

வந்தாறுமூலைத் தம்பி:
அண்ணா குறை நினைக்காதீங்க, காஞ்ச உப்புக்கு அரிசி கொஞ்சம் உதவும், ஏற்கெனவே தண்ணி நிக்கிற போத்தலுக்கு அது சோறாகத்தான் வரும். நான் இரசாயனம் படிக்கிறன், அந்தப் பக்கத்தால சொல்றன். சுத்தமான உப்பு காத்துல ஈரப்பதன் 75 வீதத்துக்கு மேல போனாத்தான் தண்ணிய இழுத்துக் கரையத் தொடங்கும். நம்மட ஊர்ல மழை நாள்ல இரவு முழுக்க அதுக்கு மேலதான். ஆனா கழுவாத கடல் உப்புல மக்னீசியம் குளோரைட்டு எண்ட இன்னொரு கசப்பு உப்பும் ஒட்டிக்கொண்டு வரும், அது 33 வீதத்துலயே இழுக்கும், அதாவது மட்டக்களப்புல வருசம் முழுக்க. அதோட சீனியும் புளியில இரிக்கிற அமிலமும் உப்போட கலந்தா, தனித்தனிய இருக்கிறதவிட குறைஞ்ச ஈரத்துலயே மூண்டும் சேந்து கரையத் தொடங்கும். அதால அக்காட போத்தல்ல ஒரு பிழை இல்ல, மூணு நாலு பிழை ஒண்டுக்கு மேல ஒண்டு கிடக்கு.
எது எவ்வளவு எண்டு பாக்க ஒரு வழி: மூணு தட்டு எடுங்க. ஒண்டுல சாக்கு உப்பு மட்டும், ஒண்டுல பைக்கட் உப்பு, ஒண்டுல உங்கட கலவை. ஒவ்வொண்டும் 50 கிராம் நிறுத்து, மூடாம ஒரே மேசையில ஒரு இரவு வச்சிட்டு காலையில திரும்ப நிறுங்க.

கல்லடிப் பொடிச்சி:
தம்பி சொன்ன மாதிரியே செஞ்சன், தம்பிட வாய்க்கு சீனி போடோணும். சாக்கு உப்பு 53 கிராம், கலவை 55, பைக்கட் உப்பு 51 கூட வரல்ல. அப்ப உப்பே பிழையா? நான் இவ்வளவு நாளும் தேசிக்காவத்தான் ஏசிக்கொண்டு இருந்தன். இனி சாக்கு உப்ப தாச்சியில நல்லா வறுத்து எடுத்தா சரி வருமா?

அக்கரைப்பற்று நானா:
மகள், வறுத்தா தண்ணி மட்டும்தான் போகும், மக்னீசியம் அங்கயேதான் கிடக்கும், ஆறினதும் திரும்ப இழுக்கும். நான் வாலிபத்துல புத்தளத்துல உப்பளத்துல நிண்டவன். கடல் தண்ணி லீட்டருக்கு 35 கிராம் மட்டில உப்பு, அது பாத்தியில வத்தி வத்தி வரக்குள்ள முதல்ல ஜிப்சம் எண்ட வெள்ளைக் கல்லுப் படிவு படியும், பத்துல ஒரு பங்கா வத்தினாப் பிறகுதான் நம்மட உப்பு படியத் தொடங்கும், கடைசியா மிஞ்சிற தண்ணிதான் கசப்புத் தண்ணி, மக்னீசியமெல்லாம் அதுக்குள்ள. அந்தத் தண்ணிய விட்டுட்டு உப்ப வாரிக் கும்பமாக் குவிச்சு வடிய விடோணும். அவசரப்பட்டு வாரினா ஈரமும் கசப்பும் உப்போட வரும். நீ சொல்ற அந்தக் கடைசிக் கசப்புல பாதி தோல், பாதி இது.
இனி வழி சொல்றன். நல்ல பைக்கட் உப்பு ஒரு லீட்டர் தண்ணிக்கு 360 கிராம் மட்டில போட்டுக் கலக்கு, அடியில கொஞ்சம் கரையாம நிக்கோணும், நிண்டாத்தான் அந்தத் தண்ணிக்கு வயிறு நிரம்பிட்டு எண்டு அர்த்தம். அதால சாக்கு உப்ப வடியில வச்சு கழுவு. உப்பு கரையாது, ஏனெண்டா தண்ணி இனி உப்பு வாங்காது, ஆனா கசப்ப வாங்கிக்கொண்டு போகும். ஊத்தையும் போகும். மறுகா வெள்ளைத் துணியில கட்டி ஒரு இரவு தூக்கிப் போடு, சொட்டுச் சொட்டா வடியும். மற்ற நாள் சுளகுல பரப்பி உச்சி வெயில்ல காயப்போடு.

களுவாஞ்சிக்குடி மச்சான்:
இவ்வளவு பாடு என்னத்துக்கு, கடல் பக்கத்துலயே கிடக்கு, ரெண்டு வாளி அள்ளி காச்சினா சொந்த உப்பு. 2025ல உப்புக்குத் தட்டுப்பாடு வந்தப்போ நான் காச்சிப் பாத்தனான்.

அக்கரைப்பற்று நானா:
காச்சி என்ன வந்திச்சு மருமகன்? ரெண்டு வாளியில ஒரு கிலோ கூட வந்திருக்கா, விறகு ஒரு கட்டு போயிருக்கும். கடைசிச் சொட்டு மட்டும் வத்த விட்டிருப்பீங்க, அப்ப கசப்பும் முழுசா உள்ளுக்கு. வாவி கடலோட சேர்ற முகத்துவாரப் பக்கத்துல அள்ளுறதும் சரியில்ல, ஊர்த் தண்ணியெல்லாம் வந்து விழுற இடம்.

களுவாஞ்சிக்குடி மச்சான்:
ஓம் நானா கசந்துதான் இருந்திச்சு, வீட்டுல சொல்லல்ல 😅

காரைதீவு அம்மம்மா வீடு:
கருவேப்பிலைக்கு ஒருவரும் பதில் சொல்லல்லையே. தங்கச்சி வெயில்ல போட்டிருப்பீங்க, அதான் வைக்கோலாப் போனது. இலையக் கழுவித் துணியால ஒத்தி எடுத்து நிழல்ல, காத்தோட்டமா மூணு நாள், கையில பிடிச்சா நொறுங்கோணும். அவசரமெண்டா தாச்சிய சூடாக்கி அடுப்ப நூத்துப்போட்டு அந்தச் சூட்டுல புரட்டுங்க. காஞ்ச இலை ஒரு பிடிக்கு உப்பு நாலு பிடி. அம்மம்மாட காலத்துல உப்புப் பானை அடுப்புக்கு மேல பரண்லதான் இருந்திச்சு, எண்ட பிள்ளைகள் அழகுக்காக குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்துல வச்சிட்டு தண்ணி விடுது எண்டுதுகள். தகர மூடி வேணாம், உப்பு பட்டா கறள் கட்டும்.
வாய்ச்சா சிரட்டைப் புகை உப்பும் செஞ்சு பாருங்க. சிரட்டைய நல்லா தணலாக்கி, மேல கொஞ்சம் ஈரத் தேங்காய்ப் பொச்சு போட்டா வெள்ளைப் புகை வரும், மண் சட்டியில காஞ்ச கல்லுப்ப பரப்பி அந்தப் புகைக்குள்ள ஒரு மணித்தியாலம் மூடி வைங்க. பயத்தங்காய்ச் சுண்டலுக்கு அது காணும். கூனி இறால் வறுத்து இடிச்சு சேத்தாலும் நல்லம், ஆனா கூனிய மொறுமொறு எண்டு வறுக்காட்டி நாத்தம்தான் மிஞ்சும்.

ஏறாவூர்ப் புள்ள:
நானும் கேட்கிறன், பச்சை வெள்ளப்பூடு நசுக்கிப் போட்டா நஞ்சாகும் எண்டு ஒருத்தர் சொன்னாரு, உண்மையா?

வந்தாறுமூலைத் தம்பி:
எண்ணெய்க்குள்ள பச்சைப் பூடு போட்டு வெளிய வைக்கிறதுதான் ஆபத்து, காத்து இல்லாத இடத்துல ஒரு கிருமி வளந்து நஞ்சு வைக்கும். உப்பு கூடின கலவையில அந்தக் கிருமியால வளர ஏலா. ஆனா ஈரப்பூடு போட்டா கட்டி பிடிக்கும், காயவச்சே போடுங்க.

மருதமுனை ராத்தா:
இன்னொரு விசயம், இது மேல தூவுற உப்பு மட்டும், ஆணத்துக்கும் சோத்துக்கும் அயடீன் போட்ட பைக்கட் உப்பையே பாவிங்க. சின்னப் பிள்ளை, வயித்துப் பிள்ளைக்காரி இரிக்கிற வீடெண்டா கட்டாயம். விக்கிற யோசனை இருந்தா முதல்ல பீ.எச்.ஐ. எண்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்ட கேளு, சாப்பாட்டு உப்புக்கு அயடீன் சட்டம் இரிக்கி.

கல்லடிப் பொடிச்சி:
ரெண்டு கிழமைக்குப் பிறகு வாறன். நானா சொன்ன மாதிரி கழுவித் தூக்கிப் போட்டன், வடிஞ்ச தண்ணிய விரல்ல தொட்டு நக்கினா, அம்மாடி, வேப்பங்கொழுந்து! அவ்வளவு நாளும் அதைத்தான் சாப்பிட்டிருக்கம். புளியும் சீனியும் விட்டுட்டன், பச்சைத் தோல் மட்டும் கத்தியால சீவி நிழல்ல காயவச்சு இடிச்சு உப்போட சேத்தன். கிரைண்டர்ல அடிக்கல்ல, கல்லுக் கல்லாவே கிடக்கு. இண்டைக்குப் பதினாலாம் நாள், ரெண்டு நாள் கடும் மழை பெய்ஞ்சும் உதிரியாத்தான் இரிக்கு. கருவேப்பிலையும் பச்சை. ஒரே ஒரு குறை, தேசிக்கா வாசம் முதல் செஞ்சதுல பாதிகூட இல்ல.

மருதமுனை ராத்தா:
வாசம் தோல்ல இரிக்கிற எண்ணெயில. தோல தனியாக் காயவச்சா அது காத்துல போயிடும். ஈரத் தோலயே கொஞ்ச உப்போட சேத்து கையால நல்லா கசக்கு, உப்பு பச்சையாகி எண்ணெயக் குடிக்கும், அரை மணித்தியாலம் விட்டு உப்போட சேத்தே நிழல்ல காயப்போடு. உதிரியா வந்தாப் பிறகு மிச்ச உப்போட கல. சூடு ஆறமுன்னம் போத்தல மூடிப்போடாத, உள்ளுக்குள்ள வேர்க்கும்.

கல்லடிப் பொடிச்சி:
சரி ராத்தா, நாளைக்கே செய்யிறன். மாமிக்கு இதுல ஒரு போத்தல் குடுத்தன், பழைய போத்தல் எங்க எண்டு கேட்டா அத மாங்கா அச்சாறுக்குப் போட்டு முடிச்சிட்டாவாம், கசப்பே தெரியல்லையாம்.