கடைசியாக வந்தவரின் நேரத்தையும் எழுதி வைத்த கணக்கு சார்

முன்னாள் மாணவி:

எங்களுக்கு அவர் கணக்கு சார். விளையாட்டு அவருடைய பாடமே இல்லை. ஆனால் பள்ளி விட்டதும் கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப்வாட்சுமாக மைதானத்துக்கு வந்துவிடுவார். இருட்டினால்தான் வீட்டுக்குக் கிளம்புவார்.

எனக்கு ஓட்டம் வராது. எந்தப் பந்தயமானாலும் கடைசி. ஜெயித்தவர்களைச் சுற்றி எல்லோரும் கூடிவிடுவார்கள், சார் மட்டும் முடிவுக் கோட்டை விட்டு நகர மாட்டார். நான் வந்து சேர்ந்த பிறகுதான் வாட்சை நிறுத்தி நோட்டில் எழுதுவார். அந்த நோட்டில் முதல், இரண்டாவது என்ற வரிசை கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், அதில் அவரவர் நேரம் மட்டும். "போன மாசத்தைவிடக் குறைஞ்சிருக்கு பாரும்மா" என்று என் பக்கத்தைக் காட்டுவார். அடுத்த தடத்தில் ஓடியவளின் நேரத்தை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

வட்டத்தின் சுற்றளவு பாடம் வந்தபோது வகுப்பையே மைதானத்துக்குக் கூட்டிப்போனார். 400 மீட்டர் ஓட்டத்தில் வெளித்தடத்துக்காரர்கள் ஏன் முன்னால் தள்ளி நிற்கிறார்கள் என்பது கேள்வி. ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். அதை 2 பையால் (2π) பெருக்கினால் 7.67. மூன்றாவது தடத்தில் நிற்பவர் இரண்டாவது தடத்தில் நிற்பவரைவிட அவ்வளவு முன்னால் நிற்க வேண்டும். அதற்கடுத்த தடங்களுக்கும் அதே கணக்குதான். ஆனால் முதல் தடத்துக்கும் இரண்டாவதுக்கும் மட்டும் 7.04 மீட்டர். "இது மட்டும் ஏன் சார் குறையுது?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் என் கையில் டேப்பைக் கொடுத்துவிட்டார்!

விடை தடத்தின் உள்விளிம்பில் இருந்தது. முதல் தடத்தின் ஓரத்தில் உயர்ந்த விளிம்பு கட்டியிருக்கும், கால் படாமல் ஓட வேண்டும். அதனால் அந்தத் தடத்தின் நீளத்தை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்கிறார்கள். மற்ற தடங்களுக்கு வெறும் கோடுதான், அங்கே 20 சென்டிமீட்டர் போதும். அந்த 10 சென்டிமீட்டர்தான் சுற்றி வரும்போது 63 சென்டிமீட்டராகிக் கணக்கில் குறைகிறது. நான் கண்டுபிடித்துச் சொன்னதில் சாருக்கு அப்படியொரு சந்தோஷம். அதற்கப்புறம் போட்டிக்குத் தடம் அளந்து சுண்ணாம்புக் கோடு போடும் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார். மைதானத்தில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. படிப்பு முடியும்வரை அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

நடைப்பயிற்சிக்குப் போகிறவர்:

நான் அவரிடம் படித்தவன் இல்லை. மாலையில் அந்த மைதானத்தில் நடக்கிறவன். எங்கள் கூட்டம் பேசிக்கொண்டே உள்தடத்தில் வரிசையாக நடக்கும். பிள்ளைகள் பின்னால் ஓடிவந்து கத்துவார்கள், எங்களுக்குக் கோபம் வரும். ஒருநாள் பேச்சு முற்றிவிட்டது. சார் வந்தார். சண்டை போடப்போகிறார் என்று நினைத்தோம். அவரோ, "ஐயா, போட்டிக்கு டைம் பார்க்க ஆள் இல்லை, நீங்க வருவீங்களா?" என்றார்.

போனோம். முதலில் கற்றுக்கொடுத்தது, துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருக்கக் கூடாது, புகையைப் பார்த்ததும் வாட்சை அழுத்த வேண்டும் என்பது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் ஓட்டத்தில் முடிவுக் கோட்டில் நிற்கிற நம் காதுக்குச் சத்தம் வந்து சேர ஏறக்குறைய 0.3 நொடி ஆகிவிடும். ஓடுகிற பிள்ளைக்கு நாம் அவ்வளவு நேரத்தைச் சும்மா கொடுத்தது போலாகும். ஒருவருக்கு மூன்று பேர் வாட்ச் பிடிப்போம். இரண்டு ஒத்துப்போனால் அதுதான் நேரம். மூன்றும் வேறு வேறு என்றால் நடுவில் இருப்பது. ஸ்டாப்வாட்ச் 12.41 காட்டினால் 12.5 என்றுதான் எழுத வேண்டும், கீழே இறக்கக் கூடாது. சொந்த மாணவன் கெஞ்சியபோதும் சார் இறக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

உள்தடத்தை விடச் சொல்லி அவர் எங்களைக் கேட்கவே இல்லை. பிள்ளைகளின் பெயரும் நேரமும் தெரிந்த பிறகு நாங்களே வெளித்தடத்துக்கு மாறிவிட்டோம்.

ரிலே அணியில் ஓடியவன்:

சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் நால்வரில் ஒருவன்கூடத் தனி ஓட்டத்தில் பரிசு வாங்கியவன் இல்லை. "ஆளோட வேகத்தை விடுங்கடா, குச்சி நிக்காமப் போகுதான்னு பாருங்க" என்பார். அப்போதெல்லாம் 4×100-இல் குச்சி மாற்ற 20 மீட்டர், அதற்கு முன்னால் வேகமெடுக்க 10 மீட்டர். இப்போது மொத்தம் 30 மீட்டரையும் மாற்றும் பகுதியாக ஆக்கிவிட்டார்கள். வாங்குகிறவன் தன் இடத்திலிருந்து பின்னால் அடி எண்ணி ஒரு குறி வைப்பான். கொடுக்க வருகிறவன் அந்தக் குறியைத் தொட்டதும் இவன் ஓடத் தொடங்க வேண்டும். அப்புறம் திரும்பிப் பார்க்கவே கூடாது. குரல் கேட்டதும் கையை மட்டும் பின்னால் நீட்ட வேண்டும். நடந்துகொண்டே மாற்றிப் பழகினோம், பிறகு மெல்ல ஓடி, பிறகு முழு வேகத்தில். திரும்பிப் பார்க்காமல் கை நீட்ட எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. பின்னால் வருகிறவனை நம்ப வேண்டுமே! எங்களைவிட வேகமான அணிகளை அப்படித்தான் முந்தினோம்.

சார் ஓய்வு பெற்றுவிட்டார், மாலையில் இப்போதும் வருகிறார். முழங்கால் வலியால் முடிவுக் கோட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அடுத்த போட்டிக்கு டைம் பார்க்க ஆள் குறைகிறதாம். பழைய மாணவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் ஒரு மாலை போய்ப் பாருங்கள். வாட்ச் பிடிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவரே சொல்லிக்கொடுப்பார்.