நொச்சி வைத்தால் கொசு 20 அடி தள்ளி நிற்குமாம், யார் அளந்தது?

மொட்டைமாடி:
தோட்டம் பகுதியில் பச்சைக்கிளி அக்கா நேற்று எழுதியது இது: "வாசலில் நாலு நொச்சிச் செடி வைத்தால் போதும், கொசு 20 அடிக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். சாயங்காலம் கயிற்றுக்கட்டில் போட்டு நிம்மதியாக உட்காரலாம்." கீழே வரிசையாகக் கைகூப்பிப் பொம்மைகள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நான் கேட்கிறேன். இந்த 20 அடியை அளந்தது யார்? 19 அடியில் ஒரு கொசு வந்துவிட்டால் செடி திருப்பி அனுப்புமா?

என் மாடியில் மூன்று நொச்சி இருக்கிறது, மூன்றும் ஆள் உயரம். நேற்று ஆறரைக்கு அதை ஒட்டியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கெண்டைக்காலில் மட்டும் ஏழு இடம். எட்டாவது கொசு நொச்சி இலைக்கு அடியில் தொங்கி இளைப்பாறிக்கொண்டிருந்தது.

பச்சைக்கிளி:
தம்பிக்கு நொச்சிமேல் கோபமில்லை. போன வருஷம் முருங்கைக் கம்பளிப்பூச்சிக்குச் சோப்புத் தண்ணீர் போதும் என்று நான் சொன்னது பலித்துவிட்டது, அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

எங்கள் வீடு திருவையாறு பக்கம். கொல்லையில் வாய்க்கால். மாமியார் காலத்திலிருந்து நொச்சி வேலிதான். கோடையில் திண்ணையில்தான் படுக்கிறோம். சென்னை மாநகராட்சியே ஒரு காலத்தில் கொசுவுக்கென்று நொச்சிக் கன்று கொடுத்ததே, அவர்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா?

மொட்டைமாடி:
அந்தக் கன்றை வாங்கியவர்களில் நானும் ஒருத்தன். கன்றோடு டேப்பும் கொடுத்தார்களா? 20 அடி என்று அதில் சீட்டு கட்டியிருந்ததா? மாமியாரை இழுக்காமல் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

பச்சைக்கிளி:
அவரை யாரும் இழுக்க முடியாது, போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

கரிசல்காட்டான்:
ரெண்டு பேரும் தப்பு. செடியைச் சும்மா நட்டு வைத்தால் கொசுவுக்கு என்ன வந்தது? இலை கசங்கணும், இல்லையென்றால் புகையணும். அப்போதுதான் அந்தக் காரநெடி வெளியே வரும்.

எங்கள் தொழுவத்தில் ஆத்தா போடும் மூட்டத்தைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டைச் சட்டியில் ரெண்டு எருவாட்டி. கங்கு பிடித்ததும் மேலே ஒரு கை உமி. அதுக்கு மேலே பச்சை நொச்சிக் கொழுந்தும் வேப்பங்குழையும். தீ எரியவே கூடாது. எரிந்தால் ஒரு கை தண்ணீரைத் தெளித்து அமர்த்தணும். புகை வெள்ளையாக, தரையோடு படுத்துப் போகணும். காற்று வருகிற பக்கம் சட்டி இருக்கணும். மாடு காதாட்டுவதை நிறுத்தினால் பதம் சரி. அவ்வளவுதான் அளவு. அடிக்கணக்கு எல்லாம் ஆத்தாவுக்குத் தெரியாது.

மொட்டைமாடி:
ஆக, 20 அடி தெரியாது என்று நீங்களும் ஒத்துக்கொள்கிறீர்கள். நன்றி.

கரிசல்காட்டான்:
நான் எங்கே ஒத்துக்கொண்டேன்?

மொட்டைமாடி:
"தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள், மேலே போய்ப் பாருங்கள். அப்புறம், மூட்டத்தில் கொசு ஓடுவது நொச்சிக்காக இல்லை, புகைக்காக. நம் மூச்சில் வரும் கரியமில வாயுவையும் வேர்வை வாசத்தையும் மோப்பம் பிடித்துத்தான் அது வருகிறது. புகை அந்தத் தடத்தைக் கலைக்கிறது. வெறும் வைக்கோலைப் புகைத்தாலும் கலையும்.

கரிசல்காட்டான்:
வைக்கோல் புகைக்கும் நொச்சிப் புகைக்கும் வித்தியாசம் தெரியாதவருக்கு என்ன சொல்வது. ஒருநாள் தொழுவத்தில் வந்து படுங்கள்.

ஞாயிறுவிருந்து:
வணக்கம், நான் புதுசு. இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் பையன் பிறந்தநாள். அறுபது பேர், பாதி சின்னப் பிள்ளைகள். மருந்து அடிக்காமல் வீட்டிலேயே ஏதாவது வழி இருக்கிறதா? எலுமிச்சையை அரிந்து கிராம்பு குத்தி வைக்கலாம் என்கிறார்கள்.

மொட்டைமாடி:
எலுமிச்சை, கிராம்பு! அதையும் பார்த்துவிட்டேன். ஒரு டஜன் வாங்கி வைத்தேன். கொசு கிராம்பின்மேலேயே உட்கார்ந்தது. மறுநாள் வீட்டில் ரசம் வைத்தார்கள், அது ஒன்றுதான் லாபம். ஆனால் தலைப்பு எலுமிச்சை இல்லை. 20 அடிக்குப் பதில் வரட்டும், அப்புறம் பேசலாம்.

வெள்ளெருக்கு:
முப்பது வருடம் தமிழ் வகுப்பு எடுத்தவன் என்ற உரிமையில் ஒரு சொல். புறத்திணையில் நொச்சி என்றால் மதில் காப்பது. உழிஞை சூடியவன் முற்றுகையிடுவான், நொச்சி சூடியவன் உள்ளே நின்று காப்பான். பகையைத் தடுப்பதற்கு இந்தப் பூவை நம் முன்னோர் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை.

மொட்டைமாடி:
ஐயா, நொச்சி சூடியவன் கையில் வேலும் இருந்தது. பூவை மட்டும் வைத்துக்கொண்டு மதில்மேல் நின்றிருந்தால் கதை வேறு. அந்த மதிலாவது 20 அடி இருந்ததா?

வெள்ளெருக்கு:
கிண்டல் எல்லாருக்கும் வரும். சரி, உங்களுக்குப் பிடித்த மாதிரியே பேசுகிறேன். 1993ல் நம் நாட்டு மலேரியா ஆய்வாளர்கள் வேப்பெண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் 2 சதவீதம் கலந்து உடம்பில் தடவிப் பார்த்தார்கள். 12 மணி நேரம் கொசு கடிக்கவில்லை. அமெரிக்கக் கொசு இதழிலேயே வந்த கட்டுரை. நாட்டுமுறை என்றால் உடனே இளக்காரமா?

மொட்டைமாடி:
அரைகுறையாகப் படித்துவிட்டு வந்தால் இப்படித்தான். அந்த 12 மணி நேரம் அனாபிலிஸ் கொசுவுக்கு, அதாவது மலேரியா பரப்புவது. சாயங்காலம் சாக்கடையிலிருந்து கிளம்பி நம் காலைத் தேடி வருவது கியூலெக்ஸ். வேறு கொசு. சிட்ரோனெல்லா என்கிற வாசனைப்புல் எண்ணெயையும் கொண்டுவந்துவிடாதீர்கள். 2002ல் அமெரிக்காவில் கொசுக் கூண்டுக்குள் கையை விட்டு நிமிடக்கணக்குப் பார்த்தார்கள். டீட் என்கிற கொசுவிரட்டி ரசாயனம் 23.8 சதவீதம் இருந்த மருந்து ஐந்து மணி நேரம் தாங்கியது. சிட்ரோனெல்லாச் சரக்கு ஒன்றும் 20 நிமிடத்தைத் தாண்டவில்லை. நம் புல்தைலமும் அதே சாதிதான். சீக்கிரம் ஆவியாகிவிடும்.

பச்சைக்கிளி:
அங்கே 20 நிமிடம், இங்கே 20 அடி. உங்களுக்கு 20 மட்டும்தான் எண்ணத் தெரியும் போலிருக்கிறது.

கரிசல்காட்டான்:
அதே ஆய்வில் சோயா எண்ணெய் ஒன்றரை மணி நேரம் தாங்கியதை ஏன் விட்டுவிட்டீர்கள்? எங்களுக்கும் படிக்கத் தெரியும், சார்.

மொட்டைமாடி:
உங்கள் ஆத்தா சட்டியில் சோயா எண்ணெயா ஊற்றினார்?

கரிசல்காட்டான்:
ஆத்தாவைப் பற்றிப் பேசாதீர்கள். சொல்லிவிட்டேன்.

வடமராட்சி:
எங்கட ஊரிலும் பின்னேரம் வேப்பிலை போட்டுத்தான் நுளம்புக்குப் புகை போடுகிறது. பொச்சு மட்டையும் போடுவம். நுளம்புத்திரி வாங்கக் காசில்லாத காலத்தில் எங்களுக்கு அதுதான் காவல். கரிசல்காட்டான் அண்ணை சொல்வது சரி, காற்றுப் பக்கம்தான் வைக்க வேண்டும்.

கூவம்கரை:
நுளம்பா? கொசுவைத்தானே சொல்கிறீர்கள்? தமிழில் எழுதுங்கள் பிரதர்.

வடமராட்சி:
நுளம்பு தமிழ் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? பழைய அகராதியைத் திறந்து பாருங்கோ. "பிரதர்" எந்த அகராதியில் இருக்கிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கோ.

வெள்ளெருக்கு:
நுளம்பு நல்ல தமிழ்ச் சொல். கொசுவும் நல்ல தமிழ்ச் சொல். கூவம்கரை மன்னிப்புக் கேட்பது நல்லது.

கூவம்கரை:
ஒரு டவுட் கேட்டால் மன்னிப்பா? சரி, என் பங்குக்கு ஒன்று. எங்கள் தெருவில் எல்லாரும் முட்டை அட்டையைத்தான் கொளுத்துகிறோம். மளிகைக் கடையில் சும்மாவே கொடுப்பார்கள். நாலாகக் கிழித்து ஒரு துண்டைக் கொளுத்தி, ஊதி அணைத்துவிட்டு வாசலில் வைத்தால் ஒரு மணி நேரம் புகையும். நொச்சியாவது, கிச்சியாவது.

பச்சைக்கிளி:
அட்டைப் புகையைக் குழந்தைகள் மூச்சில் இழுக்கலாம், நாங்கள் செடி நடக்கூடாது. நல்ல நியாயம்.

மொட்டைமாடி:
புகை எதுவானாலும் புகைதான். மூடிய அறையில் ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வருகிற நுண்துகள், 75லிருந்து 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003லேயே அளந்து சொல்லியிருக்கிறார்கள். பாருங்கள், அளந்து சொல்லியிருக்கிறார்கள். 20 அடியை யாராவது அளந்தார்களா என்றுதான் நானும் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

புழுக்கணக்கு:
வீடு வீடாகப் போய்த் தொட்டி, ட்ரம் திறந்து கொசுப்புழு பார்க்கிற வேலை நாலு வருஷம் செய்தேன். ஒன்று சொல்லலாமா? டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில்தான் அதிகம் கடிக்கும். காலையிலும், பொழுது சாய்வதற்கு முன்னாலும். நீங்கள் விளக்கு வைத்த பிறகு போடும் மூட்டம் பெரும்பாலும் அதற்குப் பிந்திவிடும். அது சாக்கடையில் வளராது, சுத்தமான தண்ணீரில் வளரும். நான் அதிகமாகப் புழு எடுத்த இடங்களில் ஒன்று பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு. துளசித் தொட்டி, நொச்சித் தொட்டி எல்லாம் ஒன்றுதான். டார்ச் அடித்தால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும், தட்டை லேசாக ஆட்டினால் நெளிந்துகொண்டு அடிக்குப் போகும். நம் வெயிலுக்கு முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் பத்தாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. வாரம் ஒருமுறை நாரால் தேய்த்துக் கழுவணும்.

மொட்டைமாடி:
கேட்டுக்கொள்ளுங்கள் அக்கா! உங்கள் நொச்சி கொசுவை விரட்டவில்லை, தொட்டில் கட்டி வளர்க்கிறது!

பச்சைக்கிளி:
என் நொச்சி தரையில் இருக்கிறது. எனக்கு ஏது தட்டு?

புழுக்கணக்கு:
மொட்டைமாடி சார், உங்கள் மாடியில் மூன்று நொச்சி என்றீர்களே. தொட்டிக்கு அடியில் தட்டு இருக்கிறதா?

மொட்டைமாடி:
அது இந்தத் தலைப்புக்குச் சம்பந்தமில்லாத கேள்வி.

கரிசல்காட்டான்:
இருக்கிறதா, இல்லையா?

மொட்டைமாடி:
தளம் ஊறிவிடும் என்று கொத்தனார் சொன்னதால் வைத்திருக்கிறேன். அதற்கும் 20 அடிக்கும் என்ன தொடர்பு?

பச்சைக்கிளி:
அந்த ஏழு கடியும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கடித்ததுதானா அப்போது? பெற்ற கடன்!

மொட்டைமாடி:
ஆறரை மணிக்குக் கடித்தது கியூலெக்ஸ். கடித்த கொசுவை அடித்துப் பார்த்தேன், ஏடிஸுக்கு இருக்கிற வெள்ளை வளையம் காலில் இல்லை. பழுப்பு நிறம். அதனால் அது என் தட்டில் பிறந்ததில்லை.

கூவம்கரை:
பிறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டாரா சார்?

ஞாயிறுவிருந்து:
மன்னிக்கணும், யாராவது கொஞ்சம் சொல்லுங்களேன். இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கிறது. நீலகிரித் தைலத்தைத் தேங்காய் எண்ணெயில் கலந்து பிள்ளைகளுக்குத் தடவலாமா?

புழுக்கணக்கு:
வேண்டாம்மா. ஆய்வில் தேறியது எலுமிச்சை வாசம் வரும் வேறொரு யூகலிப்டஸ் மரம், அதிலிருந்து பிரித்தெடுக்கும் பி.எம்.டி. என்ற பொருள். கடையில் கிடைக்கும் நீலகிரித் தைலம் அது இல்லை. அந்தப் பி.எம்.டி.யையே மூன்று வயதுக்குக் கீழே போடாதே என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம் சொல்கிறது. கற்பூரத்தைக் கரைத்து வைக்கச் சொல்வார்கள், அதையும் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற மாதிரி வைக்காதே, விழுங்கினால் ஆபத்து. நாலு டேபிள் ஃபேன் வாடகைக்கு எடுத்துத் தரையோடு வை, காற்று கால் பக்கம் அடிக்கட்டும். கொசுவுக்கு ஃபேன் காற்றை எதிர்த்துப் பறக்கத் தெம்பு கிடையாது. பிள்ளைகளுக்கு முழுக்கால் சட்டை, வெளிர் நிறமாக. மாடியில் தண்ணீர் நிற்கிற இடத்தை இன்றைக்கே கவிழ்த்துவிடு.

கரிசல்காட்டான்:
ஃபேன் வைத்தால் மூட்டம் நிற்காதே. புகை எல்லாம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

கூவம்கரை:
அடுத்த வீட்டுக்கொசு இங்கே வந்துவிடும். கணக்கு சரியாகிவிட்டது.

வெள்ளெருக்கு:
கூவம்கரை இன்னும் வடமராட்சித் தம்பியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

வடமராட்சி:
பரவாயில்லை ஐயா. அவர் அகராதி வாங்கட்டும், காத்திருக்கிறன்.

மொட்டைமாடி:
எல்லாரும் சேர்ந்து பேச்சை மாற்றுகிறீர்கள். ஃபேன், அகராதி, தட்டு எல்லாம் இருக்கட்டும். எழுதியவர் 20 அடி என்று எழுதினார். நின்று பேசட்டும்.

பச்சைக்கிளி:
எங்கள் திண்ணையிலிருந்து நொச்சி வேலி 20 அடி. வீடு கட்டும்போது நூல் பிடித்து அளந்தது. போதுமா?

மொட்டைமாடி:
அது திண்ணைக்கும் வேலிக்கும் உள்ள தூரம்! கொசுவுக்கும் வேலிக்கும் உள்ள தூரம் எங்கே?

பச்சைக்கிளி:
அது எங்கள் திண்ணைக்கு வருவதில்லை, அப்படியானால் எங்கே இருக்கிறது என்று நீங்கள்தான் போய்க் கேட்டு வரணும்.

கரிசல்காட்டான்:
அக்கா சொல்வதில் ஒரு ஞாயம் இருக்கிறது, ஆனால் அந்த வேலி இலையை ஒடித்துப் புகை போட்டுப் பாருங்கள் அக்கா, 20 என்ன, 40 அடி.

மொட்டைமாடி:
40ஆ? இதற்குத் தனியாக ஒரு தலைப்பு ஆரம்பிக்கிறேன்.