மறு: கருனி கலைச்சொற்கள்: ‘கூலிங் டிவைஸ்’ = தணிப்பான்

அன்பர்களுக்கு வணக்கம். கருனி (கெர்னல்) என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. அது கணினியின் சூட்டைக் கட்டுப்படுத்தும் விதம் பற்றிய கலைச்சொற்களுக்கான என் பதில் இது.

> கூலிங் டிவைஸுக்கு ‘குளிர்விப்பான்’ என்றே வைத்துவிடலாமே, விசிறிதானே அது?

விசிறி மட்டும் என்றால் எனக்கும் சம்மதம்தான். ஆனால் லினக்ஸ் கருனியில் செயலியே (ப்ராசஸர்) ஒரு கூலிங் டிவைஸாகப் பதிவாகிறது. சூடு ஏறினால் அதன் அதிர்வெண்ணை இறக்குகிறார்கள். வேகமும் மின்செலவும் குறைய, சூடும் குறைகிறது. விசிறியே இல்லாத கைப்பேசிகளில் பெரும்பாலும் இந்த வழிதான். கருனியின் கண்ணுக்கு விசிறியும் செயலியும் ஒன்றுதான்: 0 முதல் ஓர் உச்ச எண் வரை நிலைகள், எண் ஏற ஏறத் தணிப்பு கூடும். தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் செயலியைப் போய்க் ‘குளிர்விப்பான்’ என்றால், படிக்கிற பிள்ளைகள் உள்ளே ஏதோ குளிர்சாதனம் இருப்பதாக நினைப்பார்கள்.

அதனால்தான் ‘தணிப்பான்’ என்கிறேன். எங்கள் காரைக்குடிப் பக்கம் கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பில் குழம்பு பொங்கி வந்தால் “தீயைத் தணி” என்பார் சமையல்காரர். பக்கத்தில் நிற்பவர் விறகை வெளியே இழுப்பார். சூடு பிறக்கிற இடத்திலேயே அதைக் குறைக்கிறார்கள். கருனியின் பேஸிவ் கூலிங் இதேதான்.

> ஆக்டிவ், பேஸிவ் = செயலுறு, செயலறு

இதற்கு என் கடுமையான மறுப்பு. பேஸிவ் தணிப்பு தொடங்கும் வெப்ப வரம்பைத் தாண்டிய பிறகுதான் கருனிக்கு வேலையே கூடுகிறது. வெப்பநிலையை இன்னும் அடிக்கடி பார்க்கும்படி அமைக்கலாம்; அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனித்து, ‘ஸ்டெப்வைஸ்’ முறையில் படிப்படியாக நிலையை மாற்றுகிறது. ‘செயலறு’ என்றால் பொருளே தலைகீழாகிவிடும். விசிறி போன்றவற்றால் சூட்டை வெளியேற்றும் ஆக்டிவுக்கு ‘வெளியேற்றத் தணிப்பு’, பேஸிவுக்கு ‘மட்டுறு தணிப்பு’ என்பது என் பரிந்துரை.

மற்றவை சுருக்கமாக. தெர்மல் ஸோனுக்கு (வெப்பநிலை தனியாக அளக்கப்படும் பகுதி) ‘வெப்ப மண்டலம்’ வேண்டாம், அது புவியியல் பாடத்தில் வேறு பொருளில் இருக்கிறது. ‘வெப்பப் பகுதி’ போதும். ட்ரிப் பாயிண்ட், அதாவது கருனி நடவடிக்கை எடுக்க வேண்டிய வெப்பநிலை, ‘வெப்ப வரம்பு’. அதில் கிரிட்டிக்கல் என்பது ‘நெருக்கடி வரம்பு’: அதைத் தொட்டால் கருனி கணினியையே நிறுத்தப் பார்க்கும்.

ஹிஸ்டரிசிஸுக்குப் புதுச் சொல் தேடவே வேண்டாம். இயற்பியலில் ‘காந்தத் தயக்கம்’ ஏற்கெனவே உண்டு. வரம்பு 65 டிகிரி, தயக்கம் 5 என்று வைத்தால், 65-ல் ஓடத் தொடங்கிய விசிறி 64-ல் நிற்காது. 60 வரை இறங்க வேண்டும். இல்லாவிட்டால் வரம்பை ஒட்டியே ஓடுவதும் நிற்பதுமாக இருக்கும். ‘தயக்கம்’ அந்த நடத்தையை அப்படியே சொல்கிறது.

கவர்னருக்குத்தான் எனக்கு நல்ல சொல் அகப்படவில்லை. ‘ஆளுநர்’ மனிதரைக் குறிப்பது; எந்தத் தணிப்பானை எவ்வளவு இயக்குவது என்று முடிவெடுக்கும் நிரலுக்கு அது பொருந்தாது. ‘நெறிப்படுத்தி’ சரிவருமா? இதைவிடச் சின்னதாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள், அப்புறம் பட்டியலில் ஏற்றலாம்.