முதுகு வளைவும் எண்ணெய்க் கையும்: எங்கள் வீட்டு அனுபவம்

தண்டையார்பேட்டை, 13 வயதுப் பெண்ணின் அம்மா

யூனிஃபார்ம் தைக்க அளவெடுத்த டெய்லர் அக்காதான் முதலில் பார்த்தார். "பாப்பாவுக்கு ஒரு தோள் இறங்கியிருக்கே?" புத்தகப் பை கனம் என்று மழுப்பிவிட்டேன். (பையால் இந்த வளைவு வராதாம், பிறகுதான் தெரிந்தது.) வீட்டில் குனியச் சொன்னபோது வலப்பக்க முதுகு மேடாக எழும்பியது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. எக்ஸ்ரேயில் ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது, 28 டிகிரி.

டாக்டர் பிரேஸ் போடச் சொன்னார், தினமும் 18 மணி நேரம். சென்னை வெயிலில் பிளாஸ்டிக் கூடு! மாமியார் கேட்கவே இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் எண்ணெய் போட்டு நீவிவிடும் பெரியவரிடம் கூட்டிப்போனார். அவர் கையைக் குறை சொல்ல மாட்டேன். மகள் அங்கேயே தூங்கிவிடுவாள், இடுப்பு வலி போனது, கண்ணாடியில் தோள்கூட நேராகத் தெரிந்தது. 5 மாதம் நம்பினோம். அதற்குள் அவள் 3 செ.மீ. வளர்ந்திருந்தாள். அடுத்த எக்ஸ்ரேயில் 34 டிகிரி.

டாக்டர் திட்டவில்லை. நீவினால் இறுகிய தசை இளகும், வலி குறையும், தப்பில்லை என்றார். ஆனால் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு முறுக்கிக்கொண்டும் இருக்கிறது, அதை வெளியிலிருந்து பிசைந்து நிமிர்த்த முடியாது, வளர்கிற வயதில் பிடித்து நிறுத்துவது பிரேஸ்தான் என்றார். 2013இல் வெளியான ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் 50 டிகிரியைத் தொடாமல் வளர்ந்து முடித்தார்களாம். போடாதவர்களில் 48 சதவீதம்.

சரி, பருத்தி பனியன் மேல் பிரேஸ். கூடவே ஷ்ராத் பயிற்சி. 1921இல் ஜெர்மனியில் கத்தரினா ஷ்ராத் தொடங்கியது, அவருக்கே முதுகு வளைவு இருந்ததாம். பிசியோதெரபி மேடம் மகளின் உள்வாங்கிய இடப்பக்க விலாவில் விரல்களை வைத்து, "இங்க மூச்சை நிரப்பு" என்பார். அழுத்தவே மாட்டார். இடத்தைக் காட்டுவது மட்டும்தான் அவர் கை, மற்றதெல்லாம் இவள் பாடு. வீட்டில் இப்போது அந்தக் கை என்னுடையது.

காசிமேடு, 41 வயது

எனக்குச் சிறுவயதிலிருந்தே வளைவு, இப்போது கூடுவதில்லை. மாதம் ஒருமுறை மசாஜ், வலிக்கு நல்லது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் "நெட்டி எடுக்கிறேன்" என்று படக்கென்று முறுக்கிவிட்டார்கள். 2 நாள் கால் மரத்துப் போச்சு. அக்கா, அந்தப் பெரியவர் பிரேஸைப் பார்த்துக் கோபப்படவில்லையா?

தண்டையார்பேட்டை அம்மா

இல்லை தம்பி. போன மாதமும் போனோம். நீவி முடித்ததும், "கூட்டை மாட்டிக்கோ கண்ணு, அரை மணி ஆச்சு" என்று அவரேதான் எடுத்துக் கொடுத்தார்.